பட்டறையில் பெறும் கல்வி



கல்வி என்றதும் நம்மவரில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவன கல்லூரியும் புத்தகமுமே. எழுத்தறிவைப் போற்றி வளர்ந்த மக்களுக்கு அஃது இயல்பே. ஆயினும் கையால் பழகி, கண்ணால் அளந்து, காதால் கேட்டு உணர வேண்டிய கல்வியும் ஒன்றுண்டு. மின்சாரமும் இயந்திரமும் சார்ந்த தொழில்களில் அக்கல்வியைத் தருவது அப்ரண்டிஸ் பயிற்சியாகும். அப்பயிற்சி பெறுவோனை அரசாங்கத் தமிழில் 'தொழிற்பழகுநர்' என்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல் மிகவும் உவப்பானது. மாணவன் படிக்கிறான், தொழிலாளி உழைக்கிறான், இருவர்க்கும் இடையில் நின்று பழகுகிறவன் பழகுநன். சட்டமும் அவனை இவ்வாறே கருதுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

"பையனுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையோ சொற்பம், முடித்தபின் வேலை தருவதாக யாரும் உறுதி கூறவில்லை. சேர்க்கலாமா, வேண்டாமா?" டில்லி, மும்பை, கரக்பூர், ஜாம்ஷெட்பூர் முதலிய ஊர்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. ஒப்பந்தத் தாளைக் கையில் கொண்டுவந்து, அதன் பொருளைத் தமிழில் சொல்லுமாறு நம்மிடம் கேட்பவரும் உளர். ஓர் இளைஞனின் ஓராண்டுக் காலம் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த ஓராண்டில் அவன் பெறுவது யாது, பெறத் தவறினால் இழப்பது யாது என்று தெரிந்துகொண்ட பின்னரே விடை கூறல் வேண்டும்.

நம் நாட்டில் இப்பயிற்சியை முறையாக வளர்த்ததில் இரயில்வேக்குப் பெரும் பங்குண்டு. பீகாரிலுள்ள ஜமால்பூரில் 1862-ஆம் ஆண்டு இரயில்வே தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அதனைச் சார்ந்து 1888-இல் தோன்றிய தொழில்நுட்பப் பள்ளியே இன்று இயந்திர, மின்பொறியியலுக்கான இந்திய இரயில்வே கழகமாக விளங்குகிறது. 1927 முதல் தனி வகுப்புப் பழகுநர்கள் இங்கே பயின்றனர். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் தேர்வெழுதிச் சேர்ந்து, நான்காண்டுகள் பட்டறையிலும் வகுப்பிலும் மாறி மாறிக் கற்று, அதிகாரிகளாயினர். அம்முறையில் ஆள் தெரிவு 2015-ஆம் ஆண்டுத் தேர்வோடு நின்றுவிட்டது. ஆயினும், வருங்காலத்தில் தலைமை தாங்க வேண்டியவனும் முதலில் அரத்தைப் பிடித்துப் பழக வேண்டும் என்று அது வகுத்த நெறி இன்றும் ஏற்புடையதே. ஜாம்ஷெட்பூரில் எஃகு ஆலையைச் சார்ந்து 1921-இல் தொழில்நுட்பக் கழகம் ஒன்று ஏற்பட்டதும் இதே கருத்தினால்தான்.

பட்டறையில் புதிதாக நுழையும் இளைஞன் பெரிய இயந்திரங்களைத் தொடலாம் என்ற ஆவலோடு வருகிறான். அவனிடம் தரப்படுவனவோ ஓர் இரும்புக் கட்டியும் ஓர் அரமும்! கட்டியை வைஸில் இறுக்கி, அதன் முகங்களைச் சமமாகவும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகவும் ராவ வேண்டும் என்பதே முதற் பாடம். எளிய வேலைபோல் தோன்றும் இது பலரைப் பல நாள் அலைக்கழிக்கும். அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது இடக்கையின் அழுத்தம் மிகுந்திருத்தல் வேண்டும். நடுவில் இரு கைகளும் சமமாக அழுத்துதல் வேண்டும். முடிவில் வலக்கை மிகுதியாக அழுத்த வேண்டும். இவ்வாறு மாற்றாவிடில் முகம் நடுவில் புடைத்துப்போகும். மூலமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், இடுக்கில் கசியும் ஒளிக்கீற்று குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இதனைக் கற்பிப்பதன் நோக்கம், இயந்திரம் செய்யக்கூடிய வேலையைக் கையால் செய்விப்பது அன்று; அளவு என்பதன்பால் மதிப்பை உண்டாக்குவதே. பின்னர் அவன் கையில் வரும் வெர்னியர் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கையும், மைக்ரோமீட்டர் நூறில் ஒரு பங்கையும் காட்டும். "ஏறக்குறைய சரி" என்ற சொல்லுக்குப் பட்டறையில் இடமில்லை என்பதை அவன் உணரும் நாளே அவன் பழகுநனாகும் நாள்.

மின்சாரப் பிரிவிலும் இவ்வாறே. கம்பிகளை உரித்து முறுக்கி இணைத்தல், நிலத்தொடர்பு அமைத்தல், மெக்கர் கருவியால் காப்பின் வலிமையைச் சோதித்தல் எனப் படிப்படியாகச் சென்று மோட்டாரை வந்தடைகிறான். மூன்று கட்ட மோட்டார் ஒன்றை நேரே இயக்கினால் தொடக்கத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலால் சுருள்களை முதலில் ஸ்டார் முறையில் இணைத்து, வேகம் பிடித்தபின் டெல்டா முறைக்கு மாற்றுகின்றனர். இதனால் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இக்கணக்கைப் புத்தகத்தில் படித்து எழுதியவன், மீட்டரின் முள் அவ்வாறே தாழ்ந்து நிற்பதைக் கண்ணால் காணும்போது, படிப்பும் தொழிலும் ஒன்றாகின்றன.

மின்சாரத்தையும் இயந்திரத்தையும் சேர்த்துக் கற்பானேன் என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நீரிறைக்கும் பம்பு ஒன்றை முடுக்கினால் மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை. மின்சாரம் மட்டும் அறிந்தவர் பம்பின்மேல் பழி போடுவார். இயந்திரம் மட்டும் அறிந்தவர் மோட்டாரைக் குறை கூறுவார். உண்மையில் இரண்டில் எதுவும் காரணமாகலாம். மூன்று கம்பிகளில் ஒன்றில் மின்சாரம் வராவிடினும் மோட்டார் உறுமும். பேரிங் இறுகிப்போயினும் உறுமும். இரண்டும் பழகியவன் முதலில் மின்சாரத்தை முற்றாகத் துண்டிப்பான். பிறகு தண்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பான். சுழலாவிடில் இணைப்பைக் கழற்றி, இறுக்கம் மோட்டாரிலா பம்பிலா எனக் காண்பான். தாராளமாகச் சுழன்றால் ஃபியூஸ்களையும் மூன்று கம்பிகளையும் சோதிப்பான். அரை நாள் வாக்குவாதம் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும்.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது; ஒலியின்றியும் இருப்பது. பழுது பார்க்கும்முன் சுவிட்சை நிறுத்துதல், ஃபியூஸைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளுதல் அல்லது தன் பூட்டைப் பூட்டுதல், 'ஆள் வேலை செய்கிறார்' என்னும் பலகையைத் தொங்கவிடுதல் ஆகியவை இன்றியமையாதன. அதன்பின்னும் சோதனை விளக்கைக் கொண்டு பார்த்தே கை வைக்க வேண்டும். அவ்விளக்கையும், மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் முன்னும் பின்னும் சோதித்தல் வேண்டும். கெட்டுப்போன விளக்கு எரியாமையை, மின்சாரம் இல்லாமைக்குச் சான்றாகக் கொண்டோர் உயிரிழந்ததுண்டு.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இங்கே இன்னோர் இடர் உண்டு. அது மொழி. வடநாட்டுப் பட்டறைகளில் அரத்தை 'ரேத்தி' என்பர், உளி 'சேனி', ஸ்பானர் 'பானா', மூலமட்டம் 'குனியா'. இவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். தவறினாலும் கருவி மாறி வருமேயன்றி வேறு கேடில்லை. ஆனால் 'சாலூ கரோ' என்றால் இயக்கு, 'பந்த் கரோ' என்றால் நிறுத்து, 'ருகோ' என்றால் நில், 'ஹடோ' என்றால் விலகு. இச்சொற்களை முதல் நாளன்றே கற்றாக வேண்டும். இயந்திரத்தினுள் ஒருவர் கையிருக்கும்போது 'சாலூ' என்பதற்கும் 'பந்த்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகும். விளங்காத கட்டளைக்குத் தலையாட்டாமல், "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்பது இழிவன்று என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

இப்பயிற்சியை நெறிப்படுத்துவது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம். 1973-இல் செய்த திருத்தத்தால் பட்டம், டிப்ளமா பெற்ற பொறியியல் மாணவரும் இதன்கீழ் வந்தனர். 2019-ஆம் ஆண்டு திருத்திய விதிகளின்படி முப்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்கள் தம் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தல் கடமை. கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவு உதவித்தொகை என அவ்விதிகள் வகுத்தன. சேரும் காலத்தில் நடப்பிலுள்ள விதியையும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளல் நன்று.

சட்டத்தின் கண்ணில் பழகுநன் பயிற்சி பெறுபவனே, தொழிலாளி அல்லன். இதனால் சில உரிமைகள் அவனுக்கு இல்லை. சில காப்புகள் உண்டு. ஆலோசகர் எனப்படும் அரசாங்க அதிகாரியின் ஒப்புதலின்றி அவனை மிகைநேரம் வேலை வாங்கலாகாது. பயிற்சியின்போது காயமுற்றால் இழப்பீடு பெற அவனுக்கு உரிமையுண்டு. தகராறு நேர்ந்தால் அவ்வாலோசகரிடமே முறையிடலாம். ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருத்தல் முக்கியம். பதிவில்லாத இடத்தில் 'அப்ரண்டிஸ்' என்பது குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் பெயராக மாறிவிடக்கூடும். தேநீர் வாங்கிவரவும் தரையைக் கூட்டவுமே ஓராண்டு கழிந்தால் இழப்பு இளைஞனுக்கே. அன்றாடம் கற்றதைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற்றுவந்தால், கல்லாமல் கழிந்த நாட்கள் அதில் தாமே வெளிப்படும்.

வேலை உறுதியா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, 'இல்லை' என்பதே. பழகுநருக்கு வேலை தந்தேயாக வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. எனினும், மற்றத் தகுதிகள் சமமாயிருப்பின் பயிற்சி பெற்றவனுக்கு முன்னுரிமை தருதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல், உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில் கூறியது. மேலும், தொழிற்பிரிவுப் பழகுநர் அகில இந்தியத் தேர்வில் தேறிப் பெறும் தேசியச் சான்றிதழ் ஒரு மாநிலத்தோடு நின்றுவிடுவதன்று. ஜாம்ஷெட்பூரில் பெற்றதைப் பெரம்பூரிலும் பொன்மலையிலும் காட்டலாம். ஊர் விட்டு ஊர் வாழும் நமக்கு இது சிறு பயனன்று. பட்டம், டிப்ளமா பெற்றவர்க்கான பயிற்சியைச் சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களிலுள்ள வாரியங்கள் கவனித்து வருகின்றன. தாம் வாழும் பகுதிக்குரிய வாரியத்தை அணுகி விவரம் அறியலாம்.

ஆகவே, சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: ஒப்பந்தம் பதிவாகிறதா, கற்பிப்பவர் உளரா, பட்டறையில் காப்பு விதிகள் கைக்கொள்ளப்படுகின்றனவா என்னும் மூன்றையும் விசாரியுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஒன்றேனும் இல்லையெனில், வேறிடம் தேடுவதால் செல்லும் சில மாதங்கள் வீணல்ல. உதவித்தொகை மாதக் கடைசியில் செலவாகிவிடும்; கையில் ஏறிய தொழிலோ எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும்.