தில்லைவனத்து வாய்க்கால்கள்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தால் வந்தது என்பதை நம் மாணவர் பலர் அறிவர். அம்மரத்தைக் கண்டவரோ சிலர். தில்லை உவர்நிலத்தில் வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. கோயிலைச் சூழ்ந்து முன்னாளிற் பரந்து கிடந்ததாகக் கூறப்படும் அவ்வனம், இன்று ஊருக்குக் கிழக்கே பிச்சாவரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழியில் ஒடுங்கி நிற்கின்றது. அங்குள்ளார் அதனைச் சுரபுன்னைக் காடு என்பர்; நாம் கண்டற்காடு என்போம். நெய்தற்றிணை பாடிய சங்கச் சான்றோர்க்கும் கண்டல் பழகிய சொல்லே.

அக்காட்டின் ஒரு பகுதி பல்லாண்டுகளாகப் பட்டுக் கிடந்தது. ஆடுமாடு மேய்த்தும் விறகு வெட்டியும் கெடுத்தவர் ஊராரே என்பது பொதுவாக நிலவிய எண்ணம். ஏழையின் மேற் பழி சுமத்துதல் எளிதன்றோ! 1990-களில் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது வேறொரு காரணம் வெளிப்பட்டது. ஆங்கிலர் ஆட்சியில் தொடங்கிய முறைப்படி, காட்டைக் கூறு கூறாக வகுத்து, ஒரு கூற்றிலுள்ள மரம் முழுவதையும் ஒருங்கே வெட்டிவந்தனர் வனத்துறையினர். நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலிற் காய்ந்தது. காய்ந்தது சுருங்கித் தாழ்ந்து தாம்பாளம் போலாயிற்று. பெருக்கிற் புகுந்த கடல்நீர் வற்றில் வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக, உப்பு மிஞ்சியது. அவ்வுப்பில் எந்த விதை முளைக்கும்?

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. கழியிலிருந்து ஒரு தாய்வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து நோக்கின் மீன்முள்ளே போலத் தோன்றும். வற்றும் பெருக்கும் தடையின்றி வந்துபோக, உப்புக் குறைந்தது. வாய்க்காற் கரைகளிற் கன்றுகள் நடப்பட்டன. ஆனால் வாய்க்கால் தூர்ந்துகொண்டே இருக்கும் இயல்பினது. அதனைத் தூர்வார வேண்டும்; இளங்கன்றை மாடு கடியாமற் காக்க வேண்டும். சம்பளத்துக்கு வந்த காவலாளன் ஒருவன் இத்தனையும் செய்வானோ? ஆகவே ஊர்தோறும் ஆடவரும் பெண்டிரும் கூடிய குழுக்கள் அமைந்தன. வலையுமின்றிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடியினரும் இப்பணியிற் சேர்ந்தனர். அழிவுற்ற காடுகளைப் பேணுதலில் ஊராரையும் கூட்டுக என்று 1990 ஜூன் 1இல் இந்திய அரசு மாநிலங்களுக்கு விடுத்த சுற்றறிக்கை, நாட்டில் இத்தகைய முயற்சிகளுக்கு முன்னரே வழி திறந்திருந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவிலிருந்த ஊர்களிற் சேதம் குறைவு என்று ஆய்வாளர் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்துள்ள தொலைவுமே காரணம் என்று மறுத்தாரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்க யான் முற்படேன். இறாற்குஞ்சுக்கும் மீன்குஞ்சுக்கும் கண்டல்வேர் தாய்வீடு என்பதில் எவர்க்கும் வழக்கில்லை.

காடென்றால் வன்னிக்குப் போகவேண்டும் என்று நம் குடாநாட்டார் எண்ணுவர். யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையிலும் கண்டல் உண்டு. அதனுள்ளே குப்பை கொட்டுவாரும் உண்டு. கொக்குவிலில் என்னிடம் நெய்தற்பாட்டுப் படிக்கும் மாணவரை இவ்வாண்டு அக்கரைக்கு அழைத்துச் செல்வதாக உள்ளேன். வழிகாட்ட அங்கே இறால் பிடிக்கும் முதியவர் ஒருவரைக் கேட்டிருக்கின்றேன். கண்டல் எது, கண்ணா எது என்று தொலைவிலேயே நின்று சொல்லக்கூடியவர் அவர்; எம்மிடம் இருப்பது நிகண்டு மாத்திரமே.