கோச்சியில் போய் பகல் நாடகம் பார்த்து வருவோம்: ஒழுங்கு செய்வது எப்படி?



கொழும்பில் நல்ல தமிழ் நாடகம் போடுகிறார்கள் என்று பேப்பரில் பார்க்கிறோம், ரேடியோவில் கேட்கிறோம். "அதெல்லாம் நமக்கு எங்கே?" என்று விட்டுவிடுகிறோம். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடிய, பார்த்த சனங்கள் நாம். நாடகம் நமக்குப் புதிதல்ல. போய் வருவதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பயணம் என்றால் பல தோட்டங்களில் ஆம்பிளைகள் வேன் பிடித்துப் போய்விடுவார்கள். பெரட்டு, பிள்ளை, அடுப்பு என்று பொம்பிளைகள் லயத்திலேயே நின்றுவிடுவார்கள். கொழுந்து எடுக்கிற அம்மாமாரும் வயசாளிகளும் பிள்ளைகளும் சேர்ந்து போகவேண்டுமானால், அதற்குச் சரியானது மாட்னி என்று சொல்லும் பகல் காட்சிதான். ஏன் என்று பார்ப்போம்.

திரும்பி வரும் கோச்சியை முதலில் பாருங்கள்

நாம் சாதாரணமாக நாடகத்தைத் தெரிந்தெடுத்துவிட்டு, பிறகுதான் கோச்சியைத் தேடுவோம். அப்படிச் செய்யக்கூடாது. எந்தக் கோச்சியில் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்துகிற காட்சியைத் தேடவேண்டும். மாலை 6.30க்குத் தொடங்கும் நாடகம் முடிய 9 மணி ஆகலாம். அதற்குள் மலைநாட்டுக்கு வரும் இரவுக் கோச்சி போயிருக்கும். பிறகு முப்பது பேரை வைத்துக்கொண்டு எங்கே படுப்பது? பகல் 3.30 காட்சி என்றால் 6 மணியளவில் வெளியே வரலாம். அவசரமில்லாமல் கோட்டை ஸ்டேசனுக்குப் போய்ச் சேரலாம்.

பதுளைக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு மெயில் நெடுங்காலம் ஓடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் உடைந்தது. ஆகவே பழைய நேரத்தை நம்பி எதையும் முடிவு செய்யவேண்டாம். பக்கத்து ஸ்டேசன் மாஸ்டரிடம் நேரே போய் மூன்று கேள்வி கேளுங்கள். இரவுக் கோச்சி ஓடுகிறதா? எந்த ஸ்டேசன் வரை ஓடுகிறது? கூட்டமாகப் போவதற்கு ஆசனம் முன்கூட்டியே எடுக்கலாமா? பாதி வழிதான் ஓடுகிறது என்றால் அதுவரை பஸ்ஸில் போய் ஏறவேண்டிவரும். அந்தச் செலவையும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் மறுபடியும் ஒரு முறை விசாரியுங்கள். மழைக் காலத்தில் மண் சரிந்தால் கோச்சி நின்றுவிடும்.

எந்த நாளில் போவது?

சனி இரவு ஏறினால் ஞாயிறு காலை கொழும்பு. அன்று பகல் நாடகம். இரவு ஏறினால் திங்கள் விடியுமுன் நம் ஸ்டேசன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு இரவு தூங்காத உடம்போடு காலையில் பெரட்டுக்குப் போய் மலை ஏற முடியுமா? போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும். வீட்டில் இரண்டு பேர் வேலை என்றால் இரண்டு பேர் சம்பளம் போகும். கோச்சிக் காசைவிட இதுதான் பெரிய செலவு. ஆகவே திங்கட்கிழமை லீவாக வரும் வாரத்தைக் கலண்டரில் பார்த்து இப்போதே குறித்து வையுங்கள். அப்படி நாள் கிடைக்காவிட்டால் ஒரு மாதத்துக்கு முன்பே தோட்ட நிர்வாகத்தோடு பேசுங்கள். ஒரே மலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்காதபடி பட்டியல் கொடுத்தால் பேசுவது சுலபம்.

மண்டபத்தாரிடம் கேட்கவேண்டியவை

தமிழ் நாடகங்கள் பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கத்து மண்டபங்களில் நடக்கும். நாடகம் போடுபவர்களுக்குத் தோட்டத்தின் பெயர், வருபவர் தொகை எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கூட்டமாக வந்தால் டிக்கட்டில் கழிவு உண்டா, எல்லோருக்கும் சேர்த்து வரிசை ஒதுக்குவார்களா, வயசாளிகளுக்குப் படி ஏறாத இடம் கிடைக்குமா, கக்கூஸ் வசதி எப்படி என்று கேளுங்கள்.

மிக முக்கியமான கேள்வி, உண்மையில் எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான். அழைப்பிதழில் 3.30 என்று போட்டிருப்பார்கள். விளக்கேற்றி, தலைமையுரை முடிந்து, பொன்னாடை போர்த்தி, திரை விலக 4.30 ஆகிவிடும்! நாடகம் முடிவதற்கும் கோச்சி புறப்படுவதற்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருந்தால்தான் டிக்கட் எடுங்கள். இல்லாவிட்டால் வேறு நாடகம் பாருங்கள்.

காசு

கைக்காசு எடுத்தோ நகை அடகு வைத்தோ பயணம் போகவேண்டாம். நான்கு மாதத்துக்கு முன்பே சீட்டு மாதிரி சிறுகச் சேருங்கள். ஒருவருக்குக் கோச்சி போக வர, கொழும்பில் பஸ், நாடக டிக்கட், ஒரு நேரச் சாப்பாடு என்று தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு அவசரச் செலவுக்கு வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சியில் அரை டிக்கட் உண்டு. வயதைச் சொல்லிக் கேளுங்கள். காசை இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாதாமாதம் கணக்கை எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். மிஞ்சுகிற காசைத் திருப்பிக் கொடுங்கள். அப்போதுதான் அடுத்த பயணத்துக்கும் ஆள் சேரும்.

ஆட்களைப் பிரிப்பது

முப்பது பேர் போனால் ஐந்து ஐந்து பேராக ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர். ஏறும்போதும் இறங்கும்போதும் பொறுப்பாளர் தன் ஐந்து பேரை எண்ணிச் சொன்னால் போதும். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெயர், தோட்டம், பொறுப்பாளரின் போன் நம்பர் எழுதிய துண்டு இருக்கட்டும். பெரியவர்கள் அடையாள அட்டையை மறக்கக்கூடாது. பிரஷர், சீனி வருத்தம், இளைப்பு உள்ளவர்கள் இரண்டு நாள் மருந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்மார் மருத்துவமாதுவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த நாளில்

ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டால் காலைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். மலையில் குளிர், கொழும்பில் வெயில். கம்பளியும் வேண்டும், தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். வாலிபப் பிள்ளைகள் மிதிபலகையில் தொங்கவே கூடாது. இந்தப் பாதையில் சுரங்கங்கள் அதிகம். இருட்டில் கல்சுவர் எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது தெரியாது.

காலையில் கோட்டையில் இறங்கி, கரையோரக் கோச்சியில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக்குப் போகலாம். தண்டவாளத்தை ஒட்டியே கடல். அதுவரை கடல் பார்க்காத பிள்ளைக்கு அதுவே ஒரு காட்சி. ஞாயிறில் அந்தக் கோச்சிகள் குறைவு. ஆகவே திரும்பும்போது அதை நம்பி நிற்காமல் காலி வீதியில் 100, 101 நம்பர் பஸ் பிடித்தால் கோட்டைக்கு வந்துவிடலாம்.

கூத்துக்களத்தில் எழும்பிப் போவோம், தேத்தண்ணி குடித்து வருவோம், பேசுவோம். மண்டபத்தில் அப்படி முடியாது. போனை நிறுத்தி, தொடங்குமுன் உள்ளே உட்காருங்கள். அழுகிற குழந்தையோடு வரும் தாய் வாசல் பக்கம் உட்கார்ந்தால் வெளியே போய் வரலாம்.

கடைசியாக, நம் ஸ்டேசனில் நடுச்சாமத்தில் இறங்கினால் லயத்துக்கு எப்படிப் போவது? புறப்படுமுன்பே வேனோ லொறியோ பேசி வையுங்கள். டோர்ச் லைட்டும் கையில் இருக்கட்டும். வீடு வந்து சேரும்வரை பயணம் முடியவில்லை.

1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த இந்தப் பாதை, கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டது. நாம் பறித்த கொழுந்து எத்தனையோ தடவை இதில் கொழும்புக்குப் போய்விட்டது. பறித்த கைகளும் ஒரு நாள் போய், நாடகம் பார்த்துவிட்டு வரட்டும். இந்த மாதமே நாலு பேர் கூடிப் பேசுங்கள். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் தயங்காமல் வாருங்கள்.