மிராசும் காணியாட்சியும்: ஒரு சொல்லாராய்ச்சி

ஆங்கிலப் பேரகராதிகளில் இடம்பெற்றும் ஆங்கிலேயர் பெரும்பாலோர் அறியாத சொற்கள் பல உள. அவற்றுள் 'மீராஸி' என்பதும், அதனை உடையானைக் குறிக்கும் 'மீராஸ்தார்' என்பதும் அடங்கும். 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இவற்றுக்குத் தனிப் பதிவு தந்துள்ளது. அந்நூலாசிரியர் இருவருள் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்தவர். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். தம் களஞ்சியம் அச்சேறுமுன் 1882இல் மறைந்தவர். இங்கிலாந்தில் வழக்கொழிந்த இச்சொல்லைத் தஞ்சை நகரில் இன்றும் சிறு குழந்தை அறியும். அரசு இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயர்ப்பலகையே அதற்குச் சான்று.

இச்சொல்லை நாம் இங்கு ஆராயப் புகுவது அகராதி ஆர்வத்தால் மட்டுமன்று. இதன் வேர் நம் திருமறையினுள் ஓடுகிறது.

'மீராத்' என்பது அரபுச் சொல். மரபுரிமையாக வந்த சொத்து என்பது பொருள். பாரசீகர் நாவில் அதன் ஈற்றொலி ஸகரமாயிற்று. 'தார்' என்னும் பாரசீக விகுதி சேர்ந்து, உடையவன் என்னும் பொருள் தந்தது. தக்காணத்து மராட்டியரிடையே மிராஸ்தார் என்போர் பரம்பரை உரிமையுள்ள உழவர்; வந்தேறி உழுவோர் 'உபரி' எனப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் நிலைபெற்ற மராட்டியர் ஆட்சியில் இச்சொல் காவிரிக் கழனிகளில் வேரூன்றியது. வடக்கே பஞ்சாபிலோ இதே சொல்லடியாகப் பிறந்த 'மிராஸி' என்னும் பெயர், குலவரலாறு பாடிப் பிழைக்கும் பாணர் குடியைச் சுட்டும். ஒரே சொல் ஓரிடத்தில் நிலக்கிழாரையும் மற்றோரிடத்தில் நிலமற்ற பாடகரையும் குறிப்பது வியப்புக்குரியதே.

எபிரேயம் பயிலும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரபு மொழியில் 'வலத்' எனப்படும் பிள்ளை எபிரேயத்தில் 'யெலெத்' ஆகிறான். அரபியின் 'தலாதா' எபிரேயத்தில் 'ஷாலோஷ்' என மூன்றைக் குறிக்கிறது. இவ்வொலிமாற்ற முறைப்படி, மீராத்துக்கு அடியான 'வரித' என்னும் வினை எபிரேயத்தில் 'யாரஷ்' ஆகும். யாத்திராகமம் 6:8இல் கடவுள் இஸ்ரவேலுக்குத் தேசத்தை எவ்வகையில் தருவதாக வாக்களிக்கிறாரோ, அதற்கு அங்குள்ள சொல் 'மொராஷா'. நம் ஊர் மிராசுக்கு அது உடன்பிறந்த சொல். இவ்வுறவை அறியாமலேதான் நம் சபைகளில் நெடுங்காலம் அப்பகுதியை வாசித்து வந்திருக்கிறோம்.

இனி, மராட்டியர் வருமுன் இவ்வுரிமைக்குத் தமிழில் பெயரில்லையோ எனின், உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அது 'காணி'. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு விடுத்த பதினேழு வினாக்களுக்கு அளித்த விடைகள் 1818இல் அச்சாயின. அவற்றில் மிராசுக்கு நேரான தமிழ்ச்சொல்லாகக் காணியாட்சியை அவர் எடுத்துரைக்கிறார். காணியாட்சி என்பது தனித்தனி வயலின் மீதுள்ள உடைமை மட்டுமன்று. ஊரின் நன்செய், புன்செய், நத்தம், தோப்பு, மேய்ச்சல் ஆகிய அனைத்திலும் ஒரு பங்கு அது. தஞ்சைச் சீமையில் ஊரார் பொதுவில் வைத்து ஆண்டது சமுதாயம். பங்காளிகள் பிரித்து ஆண்டது பலபோகம். ஒருவரே முழு ஊரையும் ஆண்டது ஏகபோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கணக்கின்படி 5,783 ஊர்களுள் சமுதாயம் 1,774, பலபோகம் 2,202, ஏகபோகம் 1,807. மிராசுதார்கள் 62,000 பேருக்குச் சற்று மேல். (வாணிப முற்றுரிமையை இன்று நாம் ஏகபோகம் என்றே வழங்குகிறோம்.)

1799இல் தஞ்சையின் ஆட்சி கும்பினியார் கைக்கு வந்தபின் சொல்லின் பொருள் மெல்ல மாறிற்று. ஊர்ப்பங்கு என்றிருந்தது, பட்டாவும் வரிப்பொறுப்பும் பெற்ற தனியுடைமையாயிற்று. ஆங்கிலேயர் தம் நாட்டு நிலப்பிரபுவை மனத்தில் வைத்து மிராசுதாரை நோக்கினர். மிராசுதாரும் நாளடைவில் அவ்வாறே தம்மை நோக்கலாயினர். இருபதாம் நூற்றாண்டில் அச்சொல் காதில் விழும்போது மக்கள் மனத்தில் எழுந்த உருவம், வேலிக்கணக்கில் நிலமும் பண்ணையாட்களும் கொண்ட பெருந்தனக்காரரே. வேலி ஒன்று ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. அதனை உழுதும் நட்டும் அறுத்தும் வந்த பண்ணையாளுக்குக் குடிசை மனைகூடச் சொந்தமில்லை. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டமும் இந்நிலையை மாற்ற வந்தவை. இவ்விரண்டுக்கும் இடையில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். அது கிறிஸ்து பிறப்பின் இரவு என்பதைத் திருச்சபை மறக்கலாகாது.

இந்நிலையில் நம் தமிழ்த் திருமறையின் சொற்களை நோக்குவோம். பழைய மொழிபெயர்ப்பில் 'காணியாட்சி' என்னும் சொல்லே பலவிடத்தும் ஆளப்பட்டுள்ளது. லேவியராகமம் 25இல் யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் திரும்பிச் செல்வது தன் காணியாட்சிக்கு. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று கேட்பதும் காணியாட்சி. தஞ்சைச் சிற்றூரில் இப்பகுதிகள் வாசிக்கப்படும்போது அவை தொலைநாட்டுப் பழங்கதையாக ஒலித்திருக்க இயலாது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று கடவுள் கூறுவதாக அவ்வதிகாரம் உரைக்கும் கருத்து, எந்த மிராசுதாரும் ஏற்கத் தயங்கியிருக்கக் கூடியது.

'சுதந்தரம்' என்னும் மற்றொரு சொல்லோ இன்று இடர் தருகிறது. பழைய வருவாய்த்துறை ஏடுகளில், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது காணியாளருக்கும் ஊர்ப்பணியாளருக்கும் மரபாகச் சேரும் பங்கு சுதந்திரம் எனப்பட்டது. ஆதலின் மரபுரிமைக்கு அச்சொல்லைத் திருமறை பெயர்த்தோர் கைக்கொண்டது பொருத்தமே. இன்றைய இளைஞனோ சுதந்தரவாளி என்பதை விடுதலை பெற்றவன் என்றே கொள்கிறான். 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பு மத்தேயு 5:5இல் உரிமைச்சொத்து என்று தெளிவாக்கியது. தெளிவு கிடைத்தது, களத்து நெல்லின் மணம் போயிற்று என்பது நம் கருத்து.

அவ்வசனத்துக்கு ஊற்றான 37ஆம் சங்கீதத்தில் சாந்தகுணமுள்ளோர் பூமியைப் பெறுவதைச் சொல்லும் வினை யாரஷ் என்பதே. அதாவது, மிராசு அவர்களுக்கு. ஆனால் இவ்வினைக்கு இருள் சூழ்ந்த மறுபக்கமும் உண்டு. அதன் காரணவினை வடிவம் பிறரைத் துரத்திவிடுதலைக் குறிக்கும். கானானியரைத் துரத்துதல் பற்றிய பகுதிகளில் வருவது அதுவே. 1 இராஜாக்கள் 21இல் நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரத்தை விற்க மறுக்கும்போது அங்குள்ள எபிரேயச் சொல் 'நஹலா'. ஆகாப் அத்தோட்டத்தைக் கைப்பற்றியதும், கொலையும் செய்து உடைமையும் ஆக்கிக்கொண்டாயோ என்னும் கருத்துப்பட எலியா கேட்கும் கேள்வியில் 'யாரஷ்' வருகிறது. மரபாகப் பெறுவதற்கும் பறித்துக்கொள்வதற்கும் எபிரேயர் ஒரே வினையைப் பயன்படுத்தினர். எவ்விடத்தில் எப்பொருள் என்பதை மூலத்தில் சூழல்தான் அறிவிக்கிறது. ஆகாபின் சூழலை எலியா ஐயத்திற்கிடமின்றி எடுத்துரைக்கிறார்.