ஆயுர்வேதம்: முதல் நூலைத் தெரிவு செய்தல்

ஆயுர்வேதத்தை அன்றாட வாழ்வில் கைக்கொள்ள விரும்புவோர் முதலில் நாடுவது ஓர் அறிமுக நூலையே. புத்தகசாலைகளில் இத்தகைய நூல்களுக்குக் குறைவில்லை. எதனைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி.

இதற்கான அளவுகோலை வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' தருகின்றது. அதன் இரண்டாம் அத்தியாயம் நாளாந்த ஒழுக்கத்தையும் மூன்றாம் அத்தியாயம் பருவகால ஒழுக்கத்தையும் கூறுகின்றன. துயிலெழுதல், பல் துலக்குதல், எண்ணெய் தேய்த்தல், உடற்பயிற்சி, நீராடல் ஆகியவற்றை விளக்கிய பின்னரே நோய்களுக்கான சிகிச்சை விரிவாகப் பேசப்படுகின்றது. ஆரம்ப வாசகருக்கான நூலும் இவ்வொழுங்கையே பின்பற்ற வேண்டும். வாதம், பித்தம், கபம் என்பவற்றை எளிமையாக விளக்கி, உணவு, உறக்கம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தும் நூலே சிறந்தது. எடுத்த எடுப்பிலேயே மருந்துச் செய்முறைகளை அடுக்கும் நூலைத் தவிர்த்தல் நலம்.

இவ்வெச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் விற்கப்பட்ட, தெற்காசியாவில் தயாரிக்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றுள் 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தமை 2004 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. 'இயற்கையானது' என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது.

நமது நாட்டின் 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம், சித்த, யுனானி வைத்தியங்களையும் ஆயுர்வேதம் என்ற சொல்லினுள் அடக்குகின்றது. எனினும் அவை தனித்தனி மரபுகளாகும். இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துவதும் நல்ல நூலின் இலக்கணமே.

நீரிழிவுக்கோ உயர் இரத்த அழுத்தத்துக்கோ உட்கொள்ளும் மருந்தை நிறுத்துமாறு கூறும் நூலை ஒதுக்கிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பதிவு பெற்ற வைத்தியரை நாடுமாறு பணிக்கும் நூலே நம்பிக்கைக்குரியது. நூல் வழிகாட்டலாம், வைத்தியராக முடியாது.