பேஸ் கிட்டாரின் நாதம்

ஓர் இசைக் குழுவில் எல்லோருடைய காதிலும் விழுந்துகொண்டே இருப்பதும், ஆயினும் கேட்போரில் பலர் தனியே கவனியாததுமான கருவி ஒன்று உண்டு. அதுவே பேஸ் கிட்டார். இளையராஜாவின் திரைப்பாடல்களை ஊன்றிக் கேட்ட மாணவர்கள், மெட்டுக்குக் கீழே தனி வழியில் நடந்து செல்லும் அதன் ஒலியை நன்கு அறிவார்கள். இன்று கல்லூரிகள் பலவற்றில் மாணவர்களே இசைக் குழு அமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுள் பேஸ் கிட்டார் வாசிப்போர் என்னிடம் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. “ஐயா, வீட்டில் நன்றாக இருக்கிறது. மேடை ஏறினால் ஒன்று கும்மென்று இரைகிறது. இல்லாவிட்டால் காணாமலே போய்விடுகிறது. இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகுமா?” என்பர்.

நான் பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் இக்கேள்வி என்னிடம் வருகிறது. பெற்றோர் பல மாதங்கள் சேர்த்த பணம் இதன் பின்னே இருக்கிறது. ஆகவே நாதம் எங்கே பிறக்கிறது, எங்கே கெடுகிறது என்பதை முறைப்படி ஆராய்வோம்.

முதலில் கருவியை அறிவோம். பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளைவிட அவை ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பன. மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மற்றவை முறையே 55, 73, 98 முறை. முன்னாளில் இத்தாழ்ந்த சுரங்களை டபிள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவி வழங்கி வந்தது. ஊது கருவிகளும் டிரம்களும் முழங்கும் நடனக் குழுக்களில் அதன் ஒலி எடுபடவில்லை. அமெரிக்காவில் எவரெட் ஹல் என்பவர் 1940களில் அக்கருவியின் அடியிலுள்ள ஊன்றுமுளைக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தினார். ஆம்பெக் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் அந்த முளையிலிருந்தே பிறந்தது. பின்னர் 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர், திடமான மரக்கட்டையால் ஆன பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். வீணையிற்போல் அதன் கழுத்தில் மெட்டுகள் உண்டு; எனவே சுரம் துல்லியமாக அமையும். பிரிசிஷன், அதாவது துல்லியம், என்னும் பெயர் அதனால் வந்தது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இவ்வளவையே பின்பற்றுகின்றன.

இனி நம் செவியைப் பற்றி ஓர் உண்மை. மிகத் தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் ஏற்பதில்லை. 1000 அதிர்வுள்ள ஒலி கேட்கத் தொடங்கும் அளவைவிட, 40 அதிர்வுள்ள ஒலி கேட்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 50 டெசிபெல் மிகுதியாக வேண்டும். ஆற்றலில் இது ஒரு லட்சம் மடங்காகும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைகோடுகள் இத்தகைய வேற்றுமையைத் தெளிவாக்கின. அங்ஙனமாயின் பேஸ் கிட்டாரை நாம் கேட்பது எவ்வாறு?

மீட்டிய தந்தி முழு நீளமாக அதிர்வதோடு நில்லாமல், இரண்டு பகுதியாகவும் மூன்று பகுதியாகவும் நான்கு பகுதியாகவும் அதே நேரத்தில் அதிர்கிறது. எனவே 41 என்னும் அடிச்சுரத்தோடு 82, 124, 165 என மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. இவை சம இடைவெளியில் அமைந்திருப்பதை மூளை உணர்ந்து, அடிச்சுரம் வாராவிடினும் வந்ததாகவே கொள்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஸீபெக் 1841ஆம் ஆண்டிலேயே ஸைரன் கொண்டு செய்த சோதனைகளில் இதனைக் கண்டார். நீங்கள் சோதனைக்கூடம் செல்ல வேண்டியதில்லை. சிறிய வானொலிப் பெட்டியே போதும். அதன் உள்ளங்கையளவு ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்ப இயலாது. ஆயினும் பாட்டு ஒலிபரப்பாகும்போது பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதன்றோ? தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே நூலை நகர்த்தி ஜீவன் ஏற்றும் கலைஞர்களும் மேற்சுரங்களையே எழுப்புகிறார்கள்.

ஆகவே பேஸ் கிட்டாரின் நாதம் என்பது அடிச்சுரத்துக்கும் மேற்சுரங்களுக்கும் உள்ள அளவுப் பொருத்தமே எனலாம். தந்தி, விரல், பிக்கப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அறை என்னும் ஆறு படிகளிலும் அப்பொருத்தம் மாறுபடுகிறது. முற்படியில் பிறவாத மேற்சுரத்தைப் பிற்படியில் குமிழைத் திருகி வரவழைத்தல் அரிது. ஆதலின் முதற்படியிலிருந்து தொடங்குவோம்.

பள்ளியில் சுரமானியைக் கொண்டு செய்த சோதனையை நினைவுகூருங்கள். தந்தியின் எடை கூடினால் சுரம் தாழும். இழுவிசை கூடினால் உயரும். 86 சென்டிமீட்டர் நீளத்தில் 41 அதிர்வு வேண்டுமாயின் தந்தி கனமாக இருத்தல் வேண்டும். ஒரே கம்பியைத் தடிப்பாகச் செய்தால் அது கோல்போல் விறைத்துவிடும். மேற்சுரங்கள் சரியான மடங்கில் அமையாமல் சற்றே ஏறிப் பிசகும். ஆகவே மெல்லிய எஃகுக் கம்பியை உள்ளே வைத்து, அதன்மேல் வேறு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எடை கூடுகிறது, நெகிழ்வு கெடுவதில்லை. கடைகளில் மிகுதியாக விற்கும் தொகுதியில் மெல்லிய தந்தி 0.045 அங்குலமும், தடித்த தந்தி 0.105 அங்குலமும் விட்டம் உடையன.

சுற்றும் கம்பி உருண்டையானால் அதனை ரவுண்ட்வூண்ட் என்றும், தட்டையானால் ஃபிளாட்வூண்ட் என்றும் வழங்குவர். உருண்டைச் சுற்றுத் தந்தி மேற்சுரங்கள் நிறைந்து கணீரென ஒலிக்கும். விரல் நகர்கையில் உராயும் ஓசையும் எழும். தட்டைச் சுற்றுத் தந்தி வழவழப்பானது. அதன் நாதம் திரண்டும் அடங்கியும் இருக்கும். 1960களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ என்ற குழுவின் ஜான் என்ட்விசில் என்பாரோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்திகளைச் செப்பம் செய்தது. அதன் பின்னரே பியானோவை நிகர்த்த தெளிவு இக்கருவிக்கு வாய்த்தது.

உருண்டைச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் படிந்தால் மேற்சுரங்கள் மங்கும். நம் நாட்டு வெப்பத்தில் இது விரைவில் நிகழும். எனவே நாதம் மழுங்கியது என்று வருந்துவோரிடம், தந்தி மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்பதையே நான் முதலில் கேட்பேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தல் செலவில்லாத மருந்து.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983), தடித்த ஃபிளாட்வூண்ட் தந்திகளையே கட்டினார். அவற்றை மாற்றுவதும் அரிது. குதிரையின் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வைத்து ஒலி நீளாதவாறு அடக்கினார். வலக்கையின் ஒரே சுட்டுவிரலால் மீட்டினார். பதிவின்போது பெரும்பாலும் கருவியை ஒலிப்பதிவுப் பலகையோடு நேராக இணைத்தார்கள். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மை கேர்ள்’ என்ற பாட்டின் தொடக்கம் அவருடைய வாசிப்பே. அப்பாடல்களுக்கு வேண்டியிருந்தது குறுகித் திரண்ட ஒலி. அவர் தந்தியும் பஞ்சும் விரலும் அதற்கு இசைந்தன. பாட்டுக்கு எது தேவை என்பதை அறிந்து தந்தியைத் தேர்வதே முறை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது படி விரல். தந்தியைக் குதிரையின் அருகே மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும்; கழுத்தின் அருகே மீட்டினால் அடிச்சுரம் ஓங்கும். தந்தியின் சரிபாதியில் மீட்டினால் 82, 165 போன்ற இரட்டை மடங்கு மேற்சுரங்கள் எழுவதில்லை. கையை நான்கு விரற்கடை நகர்த்துவதால் உண்டாகும் வேற்றுமையைக் கண்டறிய ஒரு காசும் வேண்டா.

மூன்றாவது படி பிக்கப். காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட இக்கருவி, ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்ட மின்காந்தத் தூண்டலால் இயங்குவது. எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. பிக்கப்பும் தான் நிற்கும் இடத்துக்கு ஏற்பவே மேற்சுரங்களைப் பெறும். தந்திக்கு மிக நெருக்கமாக அதனை உயர்த்தினால் காந்தம் தந்தியை ஈர்த்துச் சுரத்தைக் குலைக்கும். ஆகவே திருகாணியால் உயரத்தைச் சரிசெய்து கேட்டறிதல் நன்று.

நான்காவது ஆம்ப்ளிஃபயர். ஃபெண்டர் நிறுவனம் 1952ஆம் ஆண்டில் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரைப் பேஸ் கிட்டாருக்காகவே செய்தது. மிகுதியாக முடுக்கினால் அதன் ஒலி சிதைந்து கரகரக்கும். அக்கரகரப்பைக் கிட்டார் வாசிப்போர் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962ஆம் ஆண்டில் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை அதன் மாதிரியிலேயே அமைத்தார். பேஸ் வாசிப்போருக்கோ மேலும் ஆற்றல் வேண்டியிருந்தது. 1969ஆம் ஆண்டில் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றலுள்ள எஸ்.வி.டி. என்னும் வால்வு ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. ஆனால் ஒரு கணக்கை மறவாதீர்கள். வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 100 வாட்டை 200 வாட்டாக மாற்றுவோர் ஏமாற்றம் அடைவது இதனாலேயே.

ஐந்தாவது ஸ்பீக்கர். அதன் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியில் முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அதைத் தடுக்கவே பெட்டி. சில பெட்டிகள் முழுதும் அடைத்தவை. சிலவற்றில் துளை உண்டு. குடத்தின் வாயில் ஊதினால் எழும் முழக்கம் போன்ற ஒத்ததிர்வால் துளைப்பெட்டி தாழ்ந்த ஒலிக்குத் துணைபுரியும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், பின்னர் ரிச்சர்டு ஸ்மால் 1970களிலும் வகுத்த கணக்குகளைக் கொண்டே இத்தகைய பெட்டிகளின் அளவுகளை இன்று முடிவு செய்கிறார்கள்.

மேலும் அதே ஒலியளவில் அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சாதாரணக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரில் பேஸை முடுக்கினால் ஸ்பீக்கர் கிழிவது இதனாலே. எஸ்.வி.டி.க்கு உரிய பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு உண்டு. அவற்றின் பரப்பு ஒரு 15 அங்குல ஸ்பீக்கரைப்போல் மூன்றரை மடங்கு. புகழ்பெற்ற அப்பெட்டிகூட 41 அதிர்வை முழு அளவில் தருவதில்லை. மேற்சுரங்களை வலுவாகத் தருவதால் அதன் ஒலி தெளிவாகச் சென்று சேர்கிறது.

கடைசிப் படி அறை. 41 அதிர்வின் அலைநீளம் ஏறத்தாழ 8.4 மீட்டர். அதில் பாதி 4.2 மீட்டர், அதாவது சுமார் 14 அடி. பல வீடுகளில் அறையின் நீளமே இதுதான். அவ்வறையில் தடித்த தந்தி மட்டும் பூதம்போல் முழங்கும். அது தந்தியின் குறை அன்று. பெட்டியை மூலையில் வைத்தாலோ தாழ்ந்த ஒலி மேலும் பெருகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் இதனை நேரில் கண்டேன். பேஸ் வாசித்த இளைஞரின் பெட்டி மேடையின் மூலையில் தரைமேல் இருந்தது. பேஸ் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. முன்வரிசையில் நெஞ்சு அதிர்ந்தது. பின்வரிசையில் சுரம் ஒன்றும் விளங்கவில்லை. இடைவேளையில் நான் சொன்னவாறு அவர் பெட்டியை மூலையிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு மேசைமேல் ஏற்றி வைத்தார். பேஸ் குமிழைப் பாதிக்குக் குறைத்து, நடு ஒலிக்கான குமிழைச் சற்று உயர்த்தினார். ஒலியளவுக் குமிழைத் தொடவில்லை. பிற்பகுதியில் ஒவ்வொரு சுரமும் கடைசி வரிசைவரை எட்டியது. “சத்தம் குறைந்தது போலிருக்கிறது ஐயா, ஆனால் வாசிப்பது கேட்கிறது” என்றார் அவர்.

நண்பர்களே, இதில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. உரத்த ஒலியால் இழந்த செவிப்புலனை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை.

ஆகவே புதிய ஆம்ப்ளிஃபயருக்குத் தந்தையிடம் பணம் கேட்குமுன், ஒரு வாரம் இவ்வரிசையில் சோதித்துப் பாருங்கள். தந்தியைத் துடையுங்கள், பழையதானால் மாற்றுங்கள். கையை நகர்த்தி மீட்டிக் கேளுங்கள். பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். குமிழ்களையெல்லாம் நடுவில் நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருகுங்கள். பெட்டியை மூலையிலிருந்து விலக்குங்கள். தோழர் ஒருவரை வாசிக்கச் செய்து, நீங்கள் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதன் பின்னும் ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டால், எத்தகையது தேவை என்பதை அக்குறிப்பேடே உங்களுக்குச் சொல்லும்.