உங்கள் திறமையைச் சொல்லத் தயங்காதீர்கள்!

ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறீர்களா? “உங்கள் திறமை என்ன?” என்று வினவினால், தற்பெருமையாகிவிடுமோ என்றஞ்சி மௌனமாகிவிடாதீர்கள்.

சிறையிலிருந்து விடுதலையான யூசுஃப் நபி (அலை) அவர்கள், எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, பேணிக்காக்கும் பண்பு, அறிவு ஆகிய இரண்டையே தம் தகுதியாக எடுத்துரைத்தார்கள் (திருக்குர்ஆன் 12:55). வரவிருந்த ஏழாண்டுப் பஞ்சத்தைச் சமாளிக்க அவ்விரண்டுமே தேவைப்பட்டன.

நீங்களும் அப்பணிக்கு வேண்டிய இரு திறமைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று சேருங்கள். ஆலையில் பாதுகாப்பு விதிகளைப் பிசகாமல் பேணியது உங்கள் எச்சரிக்கைக்குச் சான்று. பெட்டிக் கணக்கைத் தவறின்றி எழுதியது நாணயத்திற்குச் சான்று.

இல்லாததைக் கூறுவது பொய். அல்லாஹ் அருளியதை உள்ளபடி உரைப்பது பெருமையன்று, நன்றியுணர்வே. துணிந்து பேசுங்கள், இன்ஷா அல்லாஹ், வெற்றி கிட்டும்!