துருத்தி இழுத்த கை

பந்தயத்தில் வென்றவன் கழுத்தில் மாலை விழுகிறது. பத்திரிகையில் அவன் படம் வருகிறது. ஊர் கூடிப் பாராட்டுகிறது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வியர்வை சிந்தியவனுக்கு மாலை விழக் கண்டு மகிழ்பவர்கள்தான் நாம். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி உண்டு. மிதித்தவன் அவன், சரி. அவனுக்குப் பின்னால் நின்றவர் யார்?

சுண்ணாம்புக்குளத்தாருக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரையின் மற்றக் குப்பத்தாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. வலை வீசியவன் ஒருவனாக இருக்கலாம். அந்த வலையின் கிழிசலைத் தைத்தவர், படகைத் தள்ளிவிட்டவர், மீனைக் கூடையில் சுமந்து போய் விற்றுக் காசாக்கியவள், இவர்கள் இல்லாமல் அடுப்பில் உலை கொதிக்குமா? நெடுந்தூரச் சைக்கிள் பந்தயமும் அப்படிப்பட்டதுதான்.

பிரான்சு நாட்டில் 1903ஆம் ஆண்டு தொடங்கியது டூர் டி பிரான்சு என்னும் பந்தயம். 1913ஆம் ஆண்டு, யூழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் தூர்மாலே மலையிலிருந்து இறங்கும்போது அவரது சைக்கிளின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது அந்நாளைய விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அடிவாரத்துச் சிற்றூரில் ஒரு கொல்லன் பட்டறை. இரும்பைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, தம் கையாலேயே கவையைச் செப்பனிட்டார். சுத்தி ஒரு கையில், இடுக்கி மறு கையில். துருத்தியை யார் இழுப்பது? பக்கத்தில் நின்ற சிறுவன் இழுத்தான். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன செய்தார்கள்? பிறர் உதவி பெற்றார் என்று 10 நிமிடம் தண்டம் விதித்தார்கள்! பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்களாம். என்னே அவர்கள் கருணை!

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1911இல், மற்றொரு வேடிக்கை. மொரீசு புரொக்கோ என்ற வீரர் சக வீரருக்குத் துணையாக ஓட்டினார். பந்தயத்தை நடத்திய ஆன்றி தெக்ராஞ்சு அவரை "வீட்டு வேலைக்காரன்" என்று ஏசினார். ஏச்சாகப் பிறந்த அந்தச் சொல்லே பின்னாளில் பதவிப் பெயராயிற்று. தலைவனுக்குத் தண்ணீர் கொண்டு வருபவர், எதிர்க்காற்றைத் தம் மார்பில் தாங்குபவர், தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பவர், இவர்களுக்கு இன்றும் அதுதான் பெயர். 1934இல் 20 வயது ரெனே வியேத்தோ தம் சக்கரத்தை அணித்தலைவர் மாஞ்ஞுக்குக் கொடுத்துவிட்டு மலைச் சாலையோரம் காத்திருந்தார். அந்த ஆண்டுப் பந்தயத்தை வென்றவர் மாஞ்ஞு. கொடுத்தவர் இல்லாமல் வென்றவர் உண்டா?

துணை நிற்பதென்றால் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து கைதட்டுவதென்று யாரும் எண்ண வேண்டாம். தாகம் எடுக்குமுன் தண்ணீர் தர வேண்டும். வியர்வையில் போன உப்பை ஈடுகட்ட வேண்டும். பஞ்சர் ஒட்ட வேண்டும். இரவில் பின்னால் விளக்கோடு வர வேண்டும். ஓட்டுகிறவன் ஒரு மணி நேரம் கண்ணயரலாம். காவல் நிற்பவர் கண்ணயர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "போதும், இறங்கு" என்று சொல்லும் துணிவு வேண்டும். உயிர் பெரிதா, பரிசு பெரிதா என்று நடுநிசியில் தீர்ப்பளிக்கும் வேலை அது. அந்த வேலைக்குத் தாயும் தமையனும் தவிர வேறு யார் பொருத்தம்?

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் ஒன்றுண்டு. துணைக்குழு இல்லாமல் அதில் இறங்க முடியாது. 2015இல் நாசிக் நகரத்து மருத்துவச் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன் இருவரும் முறை மாற்றி மிதித்து, 9 நாள் கெடுவுக்குள் கரை சேர்ந்தார்கள். ஒருவர் மிதிக்க மற்றவர் ஓய்வெடுத்தார்; இருவரையும் ஒரு குழு சுமந்தது.

முறை மாற்றுவது நம் ஏரிக்கு அந்நியமா? 'பாடு' என்கிறோமே, அது என்ன? எந்த இடத்தில் எவர் எந்நாள் வலை போடுவதென்று குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. அதன் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறக்கவில்லை என்ற குறையை நாம் மறைக்கவில்லை. குறையைக் களைவோம், பகிர்ந்துகொள்ளும் பண்பைக் காப்போம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மருத்துவர் வீட்டில் ஒன்பது நாள் துணைக்குப் போகலாம். மீனவர் வீட்டு அண்ணன் ஒன்பது நாள் ஏரிக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? ஆலைத் தொழிலாளி ஒன்பது நாள் விடுப்பெடுத்தால் சம்பளச் சீட்டு என்ன சொல்லும்? தமிழ்நாட்டில் 2001இல் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால் ஏழைப் பிள்ளை கையில் சைக்கிள் வந்தது. சைக்கிள் வந்துவிட்டது; பின்னால் நிற்கும் ஆளுக்குக் கூலி எங்கே? திறமை இருந்தும் ஏழைப் பிள்ளை தெருமுனையோடு நின்றுவிடுவது இதனால்தான்.

துணை வண்டி தேவைப்படாத நெடும்பயணங்களும் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். குறித்த நிலையங்களில் மட்டுமே வீட்டார் உதவலாம். ஒரு தூக்குவாளி நீராகாரத்தோடு தாய் அங்கே காத்திருக்கலாம். ஏழைக்குத் திறந்திருக்கும் வாசல் அது.

எனவே நாம் கேட்பது இதுதான். பந்தயத்துக்கு உதவித்தொகை தருவோர், ஓட்டுகிறவனின் செலவோடு அவனுக்குத் துணை போகிறவரின் நாட்கூலியையும் கணக்கில் எழுதட்டும். தொழிற்சங்கங்கள் அதற்கான விடுப்பைக் கேட்டு வாங்கட்டும். நம் மன்றங்கள் ஒரு பம்பும் நாலு டியூபும் வாங்கி வைப்பது பெரிய காரியமல்ல.

அன்று துருத்தி இழுத்த கைக்குத் தண்டம் விதித்தார்கள். நாம் அந்தக் கைக்குக் கூலி கொடுப்போம். மாலையிலும் ஒரு பங்கு கொடுப்போம்.